ஒரே தேதி, லேப்டாப்பில் ஒரு டைம்ஸ்டாம்ப், சர்வரில் வேறொன்று: 19800-ஐக் கழித்துவிடலாமா?

மயிலை_கோடர்

வணக்கம். சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கான புக்கிங் ஆப். ஃபார்மில் தேதி 06-02-2025 என்று நாள்-மாதம்-வருடமாக வருகிறது. பைதானில் ஸ்ட்ர்-பி-டைம் வைத்துப் படித்து, அதன் மேல் டைம்ஸ்டாம்ப்() கூப்பிட்டு, கிடைக்கும் எண்ணை மைஎஸ்க்யூஎல்-லில் பிக்இன்ட்டாக (பெரிய முழு எண் டைப்) சேமிக்கிறேன்.

லேப்டாப்பில் 1738780200 வருகிறது. கிளவுட் சர்வரில் அதே கோடு 1738800000 தருகிறது. லேப்டாப்பில் ஏற்றிய ரெக்கார்டுகளை சர்வரில் திறந்தால் பிப்ரவரி 5 என்று காட்டுகிறது. வித்தியாசம் எப்போதும் 19800 தான். சர்வரில் மட்டும் அதைக் கழித்துவிட்டால் போதுமா? இன்னொன்று: துபாயிலிருந்து புக் செய்பவர்களுக்கு பிரவுசரில் ஒரு நாள் முன்னதாகத் தெரிகிறது.

அடையார்_பைதான்

கழிக்காதீங்க. 19800 விநாடி என்றால் ஐந்தரை மணி நேரம். உங்கள் லேப்டாப் இந்திய நேரத்தில் இருக்கிறது, சர்வர் யுடிசி-யில் (உலகப் பொது நேரம்) இருக்கிறது. டைம்ஸ்டாம்ப் என்பது 1970 ஜனவரி 1, யுடிசி நள்ளிரவிலிருந்து கடந்த விநாடிகளின் எண்ணிக்கை. "பிப்ரவரி 6" என்று மட்டும் சொன்னால் எந்த ஊர் நள்ளிரவு என்று பைதானுக்குத் தெரியாது. அதனால் ஓடுகிற மெஷினின் டைம்ஜோனை எடுத்துக்கொள்கிறது. 1738800000 என்பது யுடிசி-யின் பிப்ரவரி 6 நள்ளிரவு. சென்னையில் அப்போது காலை 5:30. உங்களுக்கு வேண்டியது 1738780200.

கையால் கழித்து வைத்தால், நாளை யாராவது சர்வரின் டைம்ஜோனை இந்தியாவுக்கு மாற்றும்போது இரண்டு முறை கழியும். 1738760400 வரும், அதாவது பிப்ரவரி 5 மாலை 6:30. எரர் எதுவும் வராது, புக்கிங் மட்டும் ஒரு நாள் முந்திப்போயிருக்கும்.

செய்ய வேண்டியது: பைதான் 3.9-லிருந்து ஜோன்இன்ஃபோ என்ற டைம்ஜோன் மாட்யூல் கூடவே வருகிறது. ஸ்ட்ர்-பி-டைம் தரும் மதிப்பின் மேல் ரீப்ளேஸ் போட்டு, டிஇசட்இன்ஃபோ-வுக்கு ஜோன்இன்ஃபோ("ஏசியா/கொல்கத்தா") கொடுங்கள். அதற்குப் பிறகுதான் டைம்ஸ்டாம்ப்(). அது தசம எண்ணாக வரும், இன்ட்() போட்டு முழு எண் ஆக்கிக்கொள்ளுங்கள். இப்போது எந்த மெஷினில் ஓடினாலும் ஒரே எண். விண்டோஸிலும் சில சின்ன டாக்கர் இமேஜ்களிலும் டைம்ஜோன் டேட்டா இருக்காது, "ஜோன் கிடைக்கவில்லை" என்று எரர் வரும். பிப் வழியாக டிஇசட்டேட்டா பேக்கேஜைப் போட்டால் சரியாகிவிடும்.

இரண்டு இடத்தில் கவனம் தேவை. முதலாவது, ஃபார்மேட்டில் மாதத்துக்குச் சின்ன எம். பெரிய எம் போட்டால் அது நிமிடம். 06-02-2025 என்பதை 2025 ஜனவரி 6, 00:02 என்று எந்தப் புகாரும் இல்லாமல் படித்துவிடும். ஜாவாவில் இது தலைகீழ்: பெரிய எம்எம் மாதம், சின்ன எம்எம் நிமிடம்.

இரண்டாவது, பழைய கோடில் பைடிஇசட் (டைம்ஜோனுக்கான பழைய பைதான் லைப்ரரி) இருந்தால் அதன் டைம்ஜோனை நேராக ரீப்ளேஸில் கொடுக்கக் கூடாது, லோக்கலைஸ்() வழியாகத்தான் போக வேண்டும். நேராகக் கொடுத்தால் கொல்கத்தாவின் 19-ஆம் நூற்றாண்டு உள்ளூர் நேரமான +5:53-ஐ எடுத்துக்கொள்ளும். எண் 1738778820 ஆகிவிடும், 23 நிமிடம் பிசகு. எங்காவது 23 நிமிட வித்தியாசம் கண்ணில் பட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வேளச்சேரி_ஃப்ரண்ட்எண்ட்

துபாய் விஷயம் தனி ப்ரோ. 1738780200 சரியான எண்ணாகவே இருந்தாலும், துபாய் +4-ல் இருப்பதால் அங்கே அது பிப்ரவரி 5 இரவு 10:30. பிரவுசர் பார்க்கிறவரின் ஊர் நேரத்தில்தான் காட்டும். தேதியைக் காட்டும் டூலோக்கேல்டேட்ஸ்ட்ரிங்-கில் டைம்ஜோன் ஆப்ஷனாக ஏசியா/கொல்கத்தா கொடுத்துடுங்க. மண்டபம் சென்னையில் இருக்கு, தேதியும் சென்னைத் தேதியாகத்தான் தெரியணும்.

ஜாவாஸ்கிரிப்டில் தேதியைப் படிக்கிறதில் இன்னொரு வலை. 2025-02-06 என்று வெறும் தேதி கொடுத்தால் யுடிசி நள்ளிரவாக எடுக்கும். அதோடு டி00:00:00 சேர்த்தால் உள்ளூர் நள்ளிரவாக எடுக்கும். நேரம் ஒட்டியிருக்கா இல்லையா என்பதை வைத்தே அர்த்தம் மாறுது. ஃபார்மில் வருகிற 06-02-2025-ஐ அப்படியே நியூ டேட்()-டுக்குள் போடவே போடாதீங்க. குரோம் அதை அமெரிக்க முறையில் ஜூன் 2 என்று படிக்கும். 12-க்கு மேலான நாள் என்றால் "இன்வேலிட் டேட்" என்று கத்தும், 12 வரைக்கும் சத்தமே இல்லாமல் தப்பாகப் போகும். மாதத்தின் கடைசி வாரத்தில் டெஸ்ட் பண்ணினால் தெரிந்துவிடும், முதல் வாரத்தில் பண்ணினால் தெரியாது. பிரித்து மூன்று எண்ணாகக் கொடுப்பதே பாதுகாப்பு. மாதம் 0-லிருந்து தொடங்கும், பிப்ரவரிக்கு 1.

ஜாவாஸ்கிரிப்டில் எல்லாம் மில்லிசெகண்ட். பைதான் தருகிற 10 இலக்க எண்ணை 1000-ஆல் பெருக்காமல் கொடுத்தால் 1970 ஜனவரி 21 வரும். திரையில் 1970 என்று பார்த்தாலே இதுதான் காரணம்.

பெரம்பூர்_எஸ்க்யூஎல்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் அடிப்படைக் கேள்வி விட்டுப்போகிறது: புக்கிங் தேதிக்கு டைம்ஸ்டாம்ப் எதற்கு? டைம்ஸ்டாம்ப் ஒரு கணத்தைக் குறிக்கும். "பணம் எப்போது கட்டினார்" என்பது கணம். "முகூர்த்தம் பிப்ரவரி 6" என்பது காலண்டரில் ஒரு கட்டம், அதற்கு டேட் டைப்தான் பொருத்தம். 2025-02-06 என்று சேமித்தால் எந்த டைம்ஜோனும் அதைத் தொடாது. பிறந்த தேதியும் இப்படித்தான்.

மண்டபத்தில் முந்தின நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் என்று இருப்பதால், எத்தனை மணிக்குச் சாவி கொடுத்து எத்தனை மணிக்குத் திரும்ப வாங்குகிறோம் என்பது தேவைப்படும். அதற்கு மட்டும் தொடக்கம், முடிவு என்று இரண்டு டைம்ஸ்டாம்ப் வையுங்கள். ஒரு நாளைத் தேடும்போது இன்றைய நள்ளிரவுக்குச் சமம் அல்லது பெரியது, நாளைய நள்ளிரவைவிடச் சிறியது என்று எழுதுங்கள். 23:59:59 என்று முடித்தால் அந்தக் கடைசி விநாடியின் பின்னங்கள் நழுவும்.

மைஎஸ்க்யூஎல்-லின் யூனிக்ஸ்_டைம்ஸ்டாம்ப்() அந்த செஷனின் டைம்ஜோனைப் பார்த்துக் கணக்கிடும். கனெக்‌ஷன் திறந்ததும் டைம்_ஜோன் = '+05:30' என்று வைத்துவிடுங்கள். ஏசியா/கொல்கத்தா என்று பெயராகக் கொடுக்க, டைம்ஜோன் டேபிள்களை முன்கூட்டியே ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றாவிட்டால் டைம்ஜோன் மாற்றும் கன்வர்ட்_டிஇசட், நல் (வெற்று மதிப்பு) தான் தரும். பிக்இன்ட் வைத்தது நல்லது. சாதாரண இன்ட் 2147483647-இல் நின்றுவிடும், அது இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44:07. மைஎஸ்க்யூஎல்-லின் டைம்ஸ்டாம்ப் டைப்புக்கும் அதே எல்லைதான். இன்று போடும் 20 வருட வீட்டுக் கடனின் கடைசித் தவணை அதைத் தாண்டிவிடும்.

மயிலை_கோடர்

டேட் டைப்புக்கே மாற்றிவிடுகிறேன். ஆனால் ஒரே டேபிளில் லேப்டாப் எண்களும் சர்வர் எண்களும் கலந்து கிடக்கின்றன. எப்படிப் பிரிப்பது?

பெரம்பூர்_எஸ்க்யூஎல்

எல்லாமே நள்ளிரவாகச் சேமித்தவை என்பதால் சுலபம். 86400-ஆல் (ஒரு நாளின் மொத்த விநாடிகள்) வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 0 என்றால் சர்வர் போட்டது. 66600 என்றால் லேப்டாப் போட்டது, அதோடு 19800-ஐக் கூட்டுங்கள். பிறகு இரண்டு வகையையும் 86400-ஆல் வகுத்தால் 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனையாவது நாள் என்று வரும். உங்கள் உதாரணத்துக்கு 20125. டேட்_ஆட்-டில் 1970-01-01-உடன் அத்தனை நாளைக் கூட்டினால் தேதி ரெடி. யாராவது ஏற்கெனவே கையால் கழித்துப் பார்த்திருந்தால் மீதி 46800 என்று நிற்கும், பைடிஇசட் வேலை என்றால் 65220. இந்த நான்கிலும் சேராதவற்றைத் தொடாமல் தனியாக எடுத்து வைத்து, ரசீதோடு ஒப்பிடுங்கள். அப்டேட் ஓட்டுமுன் டேபிளை ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

அடையார்_பைதான்

"இந்தியாவுக்கு எப்போதும் +5:30 தானே, 19800 என்றே எழுதிவிடலாம்" என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது 1906 ஜனவரி 1-இல். அதற்கு முன் மெட்ராஸ் டைம், யுடிசி-யிலிருந்து 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வுக்கூடத்தை ஒட்டிக் கணக்கிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை கடிகாரம் +6:30-இல் ஓடியது. 1943-இல் பிறந்த ஒருவரின் பிறந்த நேரத்தை 19800 வைத்து மாற்றினால் ஒரு மணி நேரம் பிசகும். ஏசியா/கொல்கத்தா என்று பெயராகக் கொடுத்தால் இந்த மாற்றங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஐஎஸ்டி என்ற சுருக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள், இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அதே மூன்றெழுத்துதான்.

மயிலை_கோடர்

மீதி பார்த்துப் பிரித்தாயிற்று. 0-வும் 66600-ம் மட்டுமே இருந்தன. டேட் டைப்புக்கு மாற்றிய பின் லேப்டாப், சர்வர் இரண்டிலும் 2025-02-06 தான் வருகிறது. பிரவுசரின் டைம்ஜோனை துபாய்க்கு மாற்றிப் பார்த்தேன், அங்கேயும் 6-ஆம் தேதி. நன்றி.