வி-கட் பேனலை ஒடிக்கும்போது செராமிக் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகுது, என்ன செய்யலாம்?

குளச்சல்_சர்க்யூட்:
வள்ளத்துல மாட்டுற எல்இடி லைட்டுக்கான டிரைவர் போர்டு. 40×25 மிமீ, 1.6 மிமீ எஃப்ஆர்4 (கண்ணாடியிழைத் தகடு), பேனலுக்கு, அதாவது பல போர்டு சேர்ந்த ஒரு பெரிய தகட்டுக்கு, 20 எண்ணம், நாலு பக்கமும் வி-கட் (ஒடிக்கிறதுக்காகக் கீறின வி வடிவப் பள்ளம்). பாகமெல்லாம் வச்சு சோல்டர் ஆனதும் கையாலதான் ஒடிக்கிறோம். டெஸ்ட்ல நூத்துக்கு நாலஞ்சு போர்டுல இன்புட் ஷார்ட். 1206 சைஸ் (சுமார் 3.2×1.6 மிமீ) 10 மைக்ரோஃபேரட் செராமிக் கெப்பாசிட்டரைக் கழற்றினா சரியாகிடுது. அது வி-கோட்டுல இருந்து 1.5 மிமீ தள்ளி, கோட்டுக்குச் செங்குத்தா நிக்குது. மவுஸ் பைட்டுக்கு (சின்னத் துளை வரிசை போட்டு அதுல ஒடிக்கிற முறை) மாறினா தீருமா? அடுத்த வெர்ஷன்ல கனெக்டர் வேற 3 மிமீ வெளிய நீட்டும்.

தக்கலை_லேஅவுட்:
மவுஸ் பைட்டையும் ஒடிச்சுதானே எடுக்கணும் அண்ணாச்சி? போர்டைப் பேனலோட பிடிச்சு வைக்கிற சின்னப் பாலம், அதாவது டேப், கெப்பாசிட்டர் பக்கத்துல விழுந்தா அதே கதைதான். போர்டு வளையும்போது அதோட மேல்பரப்பு இழுபடும், செராமிக் இழுபடாது. கெப்பாசிட்டரோட முனை மெட்டல் முடியுற இடத்துல அடியில விரிசல் தொடங்கி சாய்வா உள்ள ஏறும், வெளிய தெரியாது. டெஸ்ட்ல பாஸ் ஆனதையும் நம்பாதீங்க, ஈரம் உள்ள போனதும் பிறகு ஷார்ட் ஆகும்.
முதல்ல அதைக் கோட்டுக்கு இணையாத் திருப்பி, 5 மிமீ உள்ள தள்ளுங்க. இடமில்லேன்னா கெப்பாசிட்டருக்கும் கோட்டுக்கும் நடுவுல ஒரு ஸ்லாட் வெட்டுங்க, இல்லேன்னா முனை கொஞ்சம் வளைஞ்சு கொடுக்குற சாஃப்ட் டெர்மினேஷன் வகை வாங்குங்க.

மார்த்தாண்டம்_ரவுட்டர்:
கனெக்டர் நீட்டுற பக்கம் வி-கட் ஆகாது, அடுத்த போர்டுல போய் இடிக்கும். வி-கட் நேர்க்கோடா பேனல் முழுக்க ஓடும், நடுவுல நிறுத்துறது கஷ்டம். அதனால நீட்டுற பக்கம் 5 மிமீ இடைவெளி விட்டு ரவுட்டிங் (சுழலுற கத்தியால வெட்டுறது), மத்த பக்கம் 2 மிமீ போதும். டேப் 5 மிமீ அகலம், அதுல 0.5 மிமீ துளை அஞ்சு, மையத்துக்கு மையம் 0.8 மிமீ. துளை வரிசையைப் போர்டு விளிம்புக்கோட்டுக்குக் கொஞ்சம் உள்ள வையுங்க. வெளிய வச்சா ஒடிச்ச இடம் பல்லு மாதிரி நீட்டிக்கிட்டு பெட்டிக்குள்ள இறங்காது, அப்புறம் ஒவ்வொண்ணா அரம் போடணும். கிகேட்ங்கிற போர்டு வரையுற சாஃப்ட்வேர்ல வரையுறீங்கன்னா, அதுக்கான கிகிட்ங்கிற பேனல் டூல் இதையெல்லாம் தானாப் போட்டுத் தரும்.

குளச்சல்_சர்க்யூட்:
கையில இருக்கிற பேனலை என்ன செய்ய?

தக்கலை_லேஅவுட்:
கையால ஒடிக்காதீங்க. மேலும் கீழும் வட்டக் கத்தி வச்ச வி-கட் செப்பரேட்டர் உண்டு, அதுல வளைவு ரொம்பக் குறைவு. அது கிடைக்காட்டா கோட்டை ஒட்டி ரெண்டு பக்கமும் நேரான தகடு வச்சுப் பிடிச்சு, பாகம் இருக்கிற முகம் உட்பக்கம் வர்ற மாதிரி மடக்குங்க. அப்போ செராமிக் அமுங்கும், இழுபடாது. முதல்ல ஓரப்பட்டை, பிறகு நீளக் கோடு, கடைசியில குட்டைக் கோடு. கோட்டுல வெட்டாத கனம் 0.5 மிமீக்கு மேல மிச்சம் விட்டிருந்தா அதிக பலம் கொடுக்க வேண்டியிருக்கும், போர்டு செய்றவங்ககிட்ட 0.4 கேளுங்க.

மார்த்தாண்டம்_ரவுட்டர்:
இன்னொண்ணு, உப்புக்காத்துக்குப் பூசுற கோட்டிங்கை ஒடிச்ச பிறகு பூசுங்க மக்கா. முன்னாடியே பூசினா வெட்டு விளிம்பு மூடாம நிக்கும். விளிம்புல ஒட்டுன கண்ணாடித்தூளை ஈரத்துணியால துடைச்சு, நல்லாக் காய விட்டுப் பூசணும். துடைக்கையில மாஸ்க் போடுங்க.