டவர் விழுந்தால் வண்டிக்கு வண்டி செய்தி: ஏஓடிவி போதுமா?

கேத்தி ரேடியோ:
2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியதே, அப்படி ஒரு மழையில் கரண்டும் டவரும் போய்விட்டால் மீட்பு வண்டிகளில் இருக்கும் வைஃபை பெட்டிகளே ஒன்று மாற்றி ஒன்றாகச் செய்தியைக் கடத்த வேண்டியதுதான். அதற்கு, எந்தப் பெட்டி வழியாகப் போக வேண்டும் என்று வழி கண்டுபிடிக்கும் ஏஓடிவி என்ற நெறிமுறையே போதும் என்பது என் கட்சி. பேச வேண்டியபோது மட்டும் வழி தேடும். எல்லா வழியையும் முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும் ஓஎல்எஸ்ஆர் நெறிமுறையோ, 2 வினாடிக்கு ஒரு ஹலோ, 5 வினாடிக்கு யாரோடு யார் இணைப்பு என்று சொல்லும் ஒரு டோபாலஜி செய்தி என்று யாரும் பேசாதபோதும் காற்றை அடைத்துக்கொண்டிருக்கும்.

மஞ்சூர்க்காரன்:
தம்பி, காற்று மிச்சம் சரி, செய்தி போய்ச் சேருமா? ஏஓடிவி ஹாப் (பெட்டிக்குப் பெட்டி ஒரு தாவல்) குறைந்த வழியையே பிடிக்கும். ஹாப் குறைந்தால் ஒவ்வொரு ஹாப்பும் நீளம், நீளம் என்றால் சிக்னல் இழுபறி. போகும்போதும் ஒப்புதல் திரும்பும்போதும் பாதி பாக்கெட் (செய்தித் துண்டு) தொலையும் லிங்க்கில் ஒரு பாக்கெட்டுக்குச் சராசரியாக 4 தடவை அனுப்ப வேண்டும், ஆனால் இரு திசையிலும் 90 சதவீதம் சேரும் இரண்டு லிங்க் வழியாகச் சுற்றிப் போனால் மொத்தமே ஏறத்தாழ 2.5 தான். 2003இல் அமெரிக்காவின் எம்ஐடிக்காரர்கள் கொண்டுவந்த ஈடிஎக்ஸ் கணக்கு இது. அப்புறம், வழி தேடும் செய்தி பிராட்காஸ்டாக (எல்லாருக்கும் பொதுவாக) குறைந்த வேகத்தில் போவதால் தூரம் எட்டிவிடும், அதை நம்பி டேட்டாவை வேகமாக அனுப்பினால் பாதியில் காணாமல் போகும்.

கேத்தி ரேடியோ:
ஈடிஎக்ஸ் எல்லாம் கூரையில் ஆணியடித்து வைத்த நோடுக்கு (பெட்டிக்கு), அண்ணா. வினாடிக்கு ஒரு சோதனைப் பாக்கெட், 10 வினாடிச் சராசரி. கல்லட்டி மலைச்சாலையில் 36 கொண்டை ஊசி வளைவு! அந்த 10 வினாடிக்குள் வண்டி மலைக்கு அந்தப்பக்கம் போயிருக்கும், உங்கள் அட்டவணை மட்டும் பழைய லிங்க்கைப் புகழ்ந்துகொண்டிருக்கும். 2004இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் நோடை நகர்த்திப் பார்த்தபோது ஹாப் எண்ணிக்கைதான் ஈடிஎக்ஸை முந்தியது.

குன்னூர் குளிர்:
"பாலம் போச்சு, வராதே" என்ற இரண்டு வரிக்கு இவ்வளவு கணக்கா? மெஷ்டாஸ்டிக் என்ற ரேடியோ மென்பொருள் மாதிரி, பக்கத்தில் வேறு யாரும் திருப்பிச் சொல்லாவிட்டால் கேட்டவர்கள் ஒருமுறை திருப்பிச் சொன்னால் ஆயிற்று, வழியே வேண்டாம்.

மஞ்சூர்க்காரன்:
இரண்டு வரிக்குச் சரி. சரிவின் போட்டோ ஒன்று அனுப்பினால் எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் கத்தி எதுவுமே போகாது.

தம்பி சொன்ன நகரும் நோடு விஷயம் உண்மைதான். ஆனால் லிங்க் அறுந்ததும் ஏஓடிவி என்ன செய்கிறது? பிழைச் செய்தி அனுப்பும், மறுபடி ஊரெல்லாம் வழி கேட்கும், அடுத்த வளைவில் அதே கதை. ஒரே தேடலில் பல வழி கண்டுவைக்கும் ஏஓஎம்டிவி மாதிரி மாற்று வழியும் கையில் இருக்க வேண்டும், அந்த மாற்று வழியும் அதே வளைவைச் சுற்றினால் பிரயோஜனமில்லை. அதனால் மேட்டில் நிலையான பெட்டிகள் வையுங்கள், அவற்றுக்குள் ஈடிஎக்ஸ் ஓடட்டும், வண்டி எது தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளட்டும்.

கேத்தி ரேடியோ:
மேட்டுப் பெட்டிக்குக் கரண்ட் எங்கே? ஜூலை மூட்டத்தில் சோலார் பேனலை நம்பச் சொல்கிறீர்களா? வண்டியில் பேட்டரி இருக்கிறது, ஏஓடிவியில் அறுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டுப்போடும் லோக்கல் ரிப்பேரும் இருக்கிறது. முதலில் அதை ஆன் செய்து கல்லட்டியில் இறக்கிப் பார்ப்போம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவது அப்புறம்.