கார் நிறுத்தியதற்கும் வளர்ப்புக்கும் என்ன சம்பந்தம்?

கணக்குவாத்தியார்:
நம் மன்றத்தின் பக்கத்துத் திரியில் கல்லுக்குள்தேரை ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார். "குடும்பம், இனம், சுற்றம் எல்லாம் மனிதன் மேல் ஒட்டிய தூசி. உதறினால் போய்விடும். தன் மதிப்பீடுகளை அவனவனே தேர்ந்தெடுக்கிறான்." அங்கேயே பதில் போட்டால் தலைப்பு மாறுகிறது என்று நெறியாளர் கத்தரியோடு வருவார். அதனால்தான் தனித் திரி.

உதறினால் போகிற தூசியா? சரி, ஒரு கணக்கு பார்ப்போம். நியூயார்க்கில் ஐ.நா. சபைக்கு வந்த தூதர்களுக்கு 2002 வரை ஒரு சுகம் இருந்தது. காரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். போலீஸ் வந்து வைப்பருக்கு அடியில் அபராதச் சீட்டைச் செருகிவிட்டுப் போகும். கட்டாவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது, தூதரகச் சலுகை. 1997-லிருந்து 2002 வரை கட்டாமல் கிடந்த சீட்டுகள் 1,50,000-க்கு மேல். ஃபிஸ்மன், மிகேல் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதை நாடுவாரியாகப் பிரித்து 2007-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஊழலுக்குப் பேர்போன நாடுகளிலிருந்து வந்தவர்கள் பொதுவாக அதிகச் சீட்டைக் கட்டாமல் வைத்திருந்தார்கள். ஸ்வீடன், நார்வே, ஜப்பான் எல்லாம் பூஜ்யம்.

ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே சட்டம், தண்டனை யாருக்குமே கிடையாது. அப்படியிருந்தும் ஒருத்தர் இடம் தேடித் தெருத்தெருவாகச் சுற்றுகிறார், இன்னொருத்தர் நோ பார்க்கிங் பலகைக்குக் கீழேயே நிறுத்திவிட்டுச் சாவியைச் சுழற்றிக்கொண்டு போகிறார். இது எங்கிருந்து வந்தது? விமானம் ஏறுவதற்கு முன் இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார்களா?

கல்லுக்குள்தேரை:
என் பெயரில் தனித் திரியே திறந்துவிட்டீர்கள், நன்றி வாத்தியாரே. பாதிக் கதையோடு எழுந்து போனது ஏன்? 2002 கடைசியில் சட்டம் மாறியது. மூன்று சீட்டுக்கு மேல் கட்டாமல் வைத்திருந்தால் தூதரக நம்பர் பிளேட்டைக் கழற்றினார்கள். அந்தந்த நாட்டுக்கு அமெரிக்கா கொடுக்கும் உதவித்தொகையிலும் கை வைக்க வழி செய்தார்கள். விதிமீறல் கிட்டத்தட்ட 98 சதவீதம் விழுந்தது. தலைமுறை தலைமுறையாக ரத்தத்தில் ஊறியது, நம்பர் பிளேட்டைக் கழற்றியதும் எங்கே ஓடிப்போனது?

கணக்குவாத்தியார்:
தண்டனை வந்தபிறகு எல்லோரும் யோக்கியர்தான். அதில் என்ன அதிசயம்? தண்டனை இல்லாத காலத்தில் யார் எப்படி நடந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதி மதிப்பெண் கேட்கிறீர்கள்.

பழையபென்சில்:
ஒரு சின்ன சந்தேகம். மதிப்பீடு என்று நாம் எதைச் சொல்கிறோம்? நம்பிக்கையையா, பழக்கத்தையா? இரண்டும் வேறு வேறு அல்லவா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால்...

முருங்கைமரம்:
பென்சில் அண்ணே, பரீட்சை தொடங்கி மணி அடித்தாயிற்று. போய் ஓரமாக உட்காருங்கள்.

தூக்கம்வரலை:
வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்ன அதே பட்டியலைத்தான் நானும் பார்த்தேன். முதலிடம் குவைத். ஆண்டுக்கு ஒரு தூதருக்குச் சுமார் 250 சீட்டு. வேலை நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அதே வளைகுடாவில் ஓமன் பூஜ்யம். ஐக்கிய அரபு அமீரகமும் பூஜ்யம். ஒரே மொழி, ஒரே மதம், மூன்று நாட்டிலும் எண்ணெய்ப் பணம். இனம்தான் காரணம் என்றால் குவைத்துக்கும் ஓமனுக்கும் நடுவில் என்ன ஆயிற்று?

எனக்குத் தோன்றுவது வேறு. புதிதாக வந்த அதிகாரி முதல் நாள் காரை எங்கே விடுவது என்று அலுவலகத்தில் கேட்பார். "அட, வாசலிலேயே விடுங்கள், ஒன்றும் ஆகாது" என்று பக்கத்து மேசைக்காரர் சொல்வார். அல்லது "இங்கே அப்படிச் செய்யாதீர்கள், பெரியவருக்குப் பிடிக்காது" என்பார். அவ்வளவுதான். வீடும் இல்லை, இனமும் இல்லை. கூட உட்கார்ந்திருக்கிற நாலு பேர்.

கணக்குவாத்தியார்:
அம்மா, ஓமனில் இபாதி என்று இஸ்லாத்தின் தனிப் பிரிவே உண்டு. ஒரே மதம் என்று மொத்தமாகப் பூசி மெழுக முடியாது. அப்புறம், அந்தப் பக்கத்து மேசைக்காரர் வானத்திலிருந்து குதித்தவரா? அவரும் அதே நாட்டிலிருந்து வந்தவர்தானே? என் வாதத்துக்கே வலுச் சேர்த்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி.

கல்லுக்குள்தேரை:
அமீரகத்திலும் இபாதியா? அதுவும் பூஜ்யம்தானே.

கணக்குவாத்தியார்:
விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களுக்குச் சராசரி என்றால் என்னவென்று இந்த வயதில் நான் பாடம் எடுக்க முடியாது.

கல்லுக்குள்தேரை:
எடுக்க வேண்டாம், நான் என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எங்கள் அப்பா கடன் கணக்கு நோட்டு வைத்திருந்தார். திருப்பிக் கொடுத்ததும் அந்த வரியைச் சிவப்பு மையால் அடிப்பார். ஸ்கேல் வைத்து அடிப்பார், கோணக்கூடாது. நானும் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். இன்றைக்கு யாரிடமாவது கைமாற்று வாங்கினால் எனக்குத் தூக்கம் வராது. அண்ணன் என்னிடம் வாங்கியதைக் கேட்டால், தம்பியிடம் வாங்கினால் அது கடனா என்கிறார். ஒரே அப்பா, ஒரே நோட்டு, ஒரே இனம். வாத்தியாரின் கணக்குப்படி எங்கள் இருவரில் ஒருவர் தத்துப்பிள்ளையாக இருக்க வேண்டும்.

முருங்கைமரம்:
அண்ணன் இந்தத் திரியைப் படித்தால் அந்தக் காசும் போச்சு.

தூக்கம்வரலை:
தேரை சொல்வதைத்தான் அமெரிக்க உளவியல் எழுத்தாளர் ஜூடித் ரிச் ஹாரிஸ் 1995-ல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். பிள்ளைகளின் குணத்தைப் பெரிதாக வடிப்பது பெற்றோர் அல்ல, கூட வளரும் பிள்ளைக் கூட்டம் என்றார். புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகளைப் பாருங்கள், அம்மா அப்பாவின் உச்சரிப்பில் பேசுவதில்லை, தெருவில் விளையாடுகிற கூட்டத்தின் உச்சரிப்பில்தான் பேசுகிறார்கள். 1960-ல் ஹார்வர்ட் உளவியல் துறை, உனக்கு முனைவர் பட்டம் சரிப்படாது என்று கடிதம் கொடுத்து அவரை வெளியே அனுப்பியது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அப்போது துறையின் பொறுப்புத் தலைவராக இருந்த ஜார்ஜ் மில்லர். இந்த 1995 கட்டுரைக்காக அமெரிக்க உளவியல் சங்கம் அவருக்குக் கொடுத்த விருது, அதே மில்லர் பெயரில் உள்ள விருது.

முருங்கைமரம்:
அப்போ நெறியாளர் தூக்கிய என் பழைய பதிவுகளுக்கும் ஒருநாள் நெறியாளர் பெயரில் விருது வரும்.

கணக்குவாத்தியார்:
உச்சரிப்பும் மதிப்பீடும் ஒன்றா? நாக்கு மாறும், உள்ளே இருப்பது மாறாது. இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அலெசினா, ஜூலியானோ, நன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு. பழங்காலத்தில் கலப்பை கட்டி உழுத சமூகங்களின் வழிவந்தவர்களிடம், பெண் வேலைக்குப் போவது பற்றிய எண்ணம், மண்வெட்டியும் களைக்கொட்டும் வைத்து விவசாயம் செய்த சமூகங்களின் வழிவந்தவர்களிடம் இருப்பதைவிடக் கட்டுப்பெட்டியாக இருக்கிறது. காரணம், கலப்பைக்கு உடல்வலு வேண்டும், ஆண் வயலுக்குப் போனான், பெண் வீட்டோடு நின்றாள். இதில் முக்கியமானது என்ன தெரியுமா? அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களின் பிள்ளைகளிடமும் அதே வேறுபாடு தெரிகிறது. அந்தப் பிள்ளைகள் கலப்பையைப் படத்தில் பார்த்திருந்தால் அதிகம். பக்கத்து மேசைக்காரர் வந்து உழக் கற்றுக்கொடுத்தாரா? பிள்ளைக் கூட்டம் தெருவில் ஏர் பூட்டி விளையாடியதா? பாட்டன் பூட்டன் விட்டுப்போனது வீட்டுக்குள் இருக்கிறது, சாப்பிடும்போது யார் முதலில் எழுந்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது, மகளிடம் ஒரு மாதிரியும் மகனிடம் ஒரு மாதிரியும் பேசுகிற குரலில் இருக்கிறது. அதைத் தூசி என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். தேரைக்கு அது நிறையவே இருக்கிறது.

கல்லுக்குள்தேரை:
கலப்பையை ஓரமாக வையுங்கள். ஓமன்?

கணக்குவாத்தியார்:
ஓமனுக்குப் பதில் சொல்லியாயிற்று.

கல்லுக்குள்தேரை:
இபாதி என்றீர்கள், அமீரகம் என்றேன், சராசரிக்குப் போய்விட்டீர்கள். இது பதிலா? இதே ஆள்தான் முன்பு இரட்டையர் திரியில் வேறு பாட்டுப் பாடினார், எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1979-ல் உளவியலாளர் பௌச்சர்ட் தொடங்கிய ஆய்வு, குழந்தையிலேயே பிரிந்து வெவ்வேறு வீட்டில் வளர்ந்த ஒற்றைக்கரு இரட்டையர்கள். பல குணங்களில் ஒரே வீட்டில் வளர்ந்த இரட்டையர் அளவுக்கே ஒத்துப்போகிறார்கள், வளர்ப்பு என்பதெல்லாம் பெற்றோரின் தற்பெருமை என்று அங்கே எங்களை ஓட ஓட விரட்டினீர்கள். இன்றைக்கு வளர்ப்புதான் எல்லாம் என்கிறீர்கள். எந்த வாத்தியாரை நம்புவது?

கணக்குவாத்தியார்:
அங்கே பேசியது குணத்தைப் பற்றி, இங்கே பேசுவது மதிப்பீட்டைப் பற்றி. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரோடு இவ்வளவு நேரம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

பழையபென்சில்:
அதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன்.

கணக்குவாத்தியார்:
பென்சில், நடுவில் வராதீர்கள். தேரை, அந்த இரட்டையர் திரியைப் பாதியில் விட்டுவிட்டுக் கணக்கையே மூடிக்கொண்டு போனது யார் என்பதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

கல்லுக்குள்தேரை:
கடவுச்சொல் மறந்துபோனது. அன்றைக்கே சொன்னேன்.

முருங்கைமரம்:
பரம்பரை மறதியா, பக்கத்து மேசை மறதியா?

நெறியாளர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன.

கணக்குவாத்தியார்:
நீக்கிய இரண்டும் என்னுடையவை. தேரையின் கிண்டல் எல்லாம் அப்படியே இருக்கிறது. நடுநிலை வாழ்க. என் பதிவை நகல் எடுத்து வைத்திருக்கிறேன், திரும்பப் போடுவேன்.

தூக்கம்வரலை:
நீங்கள் யாருமே அந்த 98 சதவீதத்துக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. பிளேட்டைக் கழற்றியதும் மாறியது நடத்தை. உள்ளே இருந்த எண்ணம் மாறியதா என்பதை அந்தச் சீட்டுக் கணக்கு காட்டாது. அதனால் சீட்டை வைத்து இனத்தையும் நிரூபிக்க முடியாது, சுயத்தேர்வையும் நிரூபிக்க முடியாது.

கணக்குவாத்தியார்:
முடியும். தண்டனை இல்லாத ஐந்து ஆண்டு இருக்கிறதே.

கல்லுக்குள்தேரை:
அந்த ஐந்து ஆண்டும் ஓமன் பூஜ்யம்.

கணக்குவாத்தியார்:
ஸ்வீடனும்தான் பூஜ்யம். அதைப் பற்றி மட்டும் ஏன் வாயே திறக்கவில்லை? நாளைக்கு நாடுவாரியாக முழுப் பட்டியலையும் போடுகிறேன், ஓடாமல் இருங்கள்.

கல்லுக்குள்தேரை:
போடுங்கள். அமீரகத்தை விட்டுவிடாமல் போடுங்கள்.