தக்காளி நாற்று தண்டு மெலிந்து சாய்கிறது, வழி சொல்லுங்கள்

தண்டையார்பேட்டையில் முதல் மாடி வீடு. வெயில் காலத்துக்கு முன் நாற்று தயாராகட்டும் என்று தை பிறந்ததும் மகளோடு சேர்ந்து ஜன்னலோரம் குழித்தட்டில் பி.கே.எம். 1 ரகத் தக்காளியும் கத்தரியும் விதைத்தோம். தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவை. நன்றாகவே முளைத்தது. ஆனால் முதலில் வரும் வித்திலை விரிந்ததும் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல் மாதிரி மெலிந்து, பழுப்பாகி, காலையில் பார்த்தால் படுத்துக் கிடக்கிறது. கத்தரி பரவாயில்லை, தக்காளிதான் போகிறது.

நாற்றழுகல் நோய் என்று நினைக்கிறேன். தண்ணீரைக் குறைத்தேன், சாம்பல் தூவினேன், அப்புறம் நோயை அடக்கும் நன்மை பாக்டீரியாவான சூடோமோனாஸ் கரைசலும் ஊற்றியாச்சு. எதிர்வீட்டுச் சுவர் மறைப்பதால் காலை வெயில் கொஞ்ச நேரம்தான். மொட்டை மாடிக்கு வீட்டுக்காரர் விடுவதில்லை. மகள் பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் தட்டைத்தான் பார்க்கிறாள்.

மிச்சம் நிற்கிற தக்காளி நாற்றுகளை இப்போதே புதுக் கலவைக்கு மாற்றலாமா, அதே தட்டில் விட்டுவைக்கலாமா?