படிக்கிறான், ஒப்பிக்கிறான், மறுநாள் மறந்துவிடுகிறான்: வீட்டில் என்ன செய்யலாம்?

மாலைநேரம் (கேள்வி)

வணக்கம். பையனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. மாலையில் அவனோடு உட்கார எங்களுக்குக் கிடைப்பது 40 நிமிடம்தான். சிக்கல்களைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

பாடத்தை நான்கைந்து முறை சத்தமாகப் படிக்கிறான். உடனே கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறான். மறுநாள் அதே கேள்விக்கு முழிக்கிறான்.

கழித்தலில் கடன் வாங்க வேண்டி வந்தால் பத்துக்கு ஐந்தாறு தப்பு. சொல்லிக் கொடுக்கும்போது தலையாட்டுகிறான், அடுத்த பக்கத்தில் அதே தப்பு. வாய்ப்பாட்டைப் பாட்டாகச் சொல்வான். நடுவில் 'ஏழெட்டு எத்தனை' என்றால் ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துத்தான் பதில் வரும்.

தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். சொல்வதெழுதலில் 'வன்டி', 'பன்து' என்றெல்லாம் வருகிறது.

டியூஷனில் சேர்க்கும் எண்ணம் இல்லை. அந்த 40 நிமிடத்தில் எதைச் செய்வது, எதை விடுவது?

பழையசிலேட்டு

முதல் சிக்கலுக்கு மட்டும் நான் சொல்கிறேன். மற்றதற்கு இங்கே ஆள் இருக்கிறது.

உடனே கேட்டால் சொல்வதை வைத்து 'படித்துவிட்டான்' என்று முடிவு கட்டாதீர்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம். ஒருமுறை படித்துவிட்டு, அதைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தவர்கள் மறுபக்கம். 5 நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் கை ஓங்கியிருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதான். நீங்கள் சோதிக்கும் நேரத்தில் நன்றாக இருக்கிறது, தேவைப்படும் நேரத்தில் காணாமல் போகிறது.

ஆகவே முறையை மாற்றுங்கள். அரைப் பக்கம் போதும், இரண்டு முறை படிக்கட்டும். புத்தகத்தை மூடி உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளில் 3 நிமிடம் நினைவில் இருப்பதை எழுதட்டும், படம் வரைந்தாலும் சரி. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறப் பேனாவால் அவனே சேர்க்க வேண்டும். மறுநாள் அந்த நிறத்தில் இருப்பதைத்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் உட்கார்ந்தவுடன் புதிதாக எதையும் தொடும் முன்னால் நேற்றைய பாடத்தில் மூன்று கேள்வி. அதே பாடத்தில் மூன்று நாள் கழித்து இரண்டு, ஒரு வாரம் கழித்து இரண்டு. கொஞ்சம் மறந்திருக்கும்போது கேட்பதுதான் பலன் தரும்.

கேள்வியும் முக்கியம். 'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?' என்றால் வரையறையை ஒப்பித்துவிடுவான். 'செடியை இருட்டறையில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும், ஏன்?' என்று கேட்டால்தான் உள்ளே என்ன ஏறியிருக்கிறது என்பது தெரியும்.

பெரியவர்கள் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. கேள்வி கேட்டு இரண்டு விநாடி ஆவதற்குள் 'பச்... பச்சை...' என்று எடுத்துக் கொடுப்பார்கள். பிள்ளை 'பச்சையம்!' என்று முடித்து வைக்கும். இருவருக்கும் திருப்தி, ஆனால் பிள்ளை எதையும் நினைவிலிருந்து எடுக்கவே இல்லை. கேட்டபின் மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். வாயை மூடிக்கொண்டிருப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

கூட்டல்கழித்தல்

கழித்தலில் 'தப்பு' என்று பொதுவாகச் சொன்னால் உதவ முடியாது. எந்தத் தப்பு என்று விடையே சொல்லிவிடும். 503 − 278 கொடுத்துப் பாருங்கள். சரியான விடை 225.

375 வந்தால் கடனே வாங்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான்: 8இல் 3 போக 5, 7இல் 0 போக 7.

325 வந்தால் ஒன்றுக்குக் கடன் வாங்கியிருக்கிறான், நடுவில் உள்ள 0 ஒன்பதாகும் என்பதும் தெரிந்திருக்கிறது. ஆனால் நூறின் இடத்தில் 5ஐ 4 ஆக்கவில்லை. கடனைக் கொடுத்தவர் கணக்கில் குறையவே இல்லை!

235 வந்தால் நூறிலிருந்து குறைத்துவிட்டான், பத்தின் இடத்துக்கு 10 வந்தது, அதிலிருந்து ஒன்றுக்கு ஒரு பத்தைக் கொடுத்தபின் 9 ஆக்க மறந்தான்.

மூன்றும் மூன்று விதமான குறை. மூன்றுக்கும் சேர்த்து 'கடன் வாங்கு, கடன் வாங்கு' என்று சொன்னால் அவன் தலையாட்டுவான், அவ்வளவுதான்.

பழைய நோட்டு அட்டையைக் கிழித்து சீட்டு செய்யுங்கள்: '100' ஐந்து, '10' பதினைந்து, '1' இருபது. 503ஐ அடுக்கச் சொல்லுங்கள். நூறு ஐந்து, ஒன்று மூன்று, பத்தின் இடம் காலி. எட்டு ஒன்றுகளை எடு என்றால் இல்லை. பத்திடம் போனால் அங்கேயும் இல்லை. ஒரு நூறைக் கொடுத்துப் பத்து பத்துகளை வாங்க வேண்டும், அதில் ஒன்றைக் கொடுத்துப் பத்து ஒன்றுகளை வாங்க வேண்டும். இப்போது கையில் 4 நூறு, 9 பத்து, 13 ஒன்று. அந்த 9 எங்கிருந்து வந்தது என்பதைக் கண்ணால் பார்க்கிறான். உண்மையில் 'கடன்' என்ற சொல்லே கொஞ்சம் குழப்பும், திருப்பிக் கொடுப்பதே இல்லையே! சீட்டு வைத்துச் செய்யும்போது 'சில்லறை மாற்று' என்று சொல்லுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்தையும் சீட்டில் செய்தவுடன் நோட்டிலும் எழுத வேண்டும். சீட்டு தனியாக, நோட்டு தனியாகப் போனால் இரண்டுக்கும் தொடர்பில்லாமல் போய்விடும். நான்கைந்து நாளில் சீட்டை எடுத்துவிடலாம்.

இன்னொன்று, அழிப்பானை ஒளித்து வையுங்கள். தப்பை ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதட்டும். அழித்துவிட்டால் எப்படி யோசித்தான் என்ற தடயமே போய்விடும்.

வாய்ப்பாட்டுக்கு வருகிறேன். பாட்டாக வருவது பாட்டாகத்தான் வரும், நடுவில் நுழைய முடியாது. 10×10 வரை மொத்தம் 100 பெருக்கல். ஏழெட்டும் எட்டேழும் ஒன்றுதான் என்பதால் 55. அதில் 1, 2, 5, 10 வருவதை எடுத்துவிட்டால் மிச்சம் 21. ஒன்பதுக்கு வழி உண்டு: 9×7 என்றால் ஏழில் ஒன்று குறைத்து 6, ஒன்பதாக இன்னும் 3, ஆக 63. நான்கு என்றால் இரட்டிப்பின் இரட்டிப்பு. இவை இரண்டும் போக உண்மையில் மனதில் நிற்க வேண்டியது பத்தே பத்து: 3×3, 3×6, 3×7, 3×8, 6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8.

இந்தப் பத்துக்கும் அட்டை செய்யுங்கள். முன்னால் கேள்வி, பின்னால் விடை. மூன்று டப்பா வையுங்கள்: முதல் டப்பா தினமும், இரண்டாவது மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. 3 விநாடிக்குள் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தப்பினால் எங்கிருந்தாலும் முதல் டப்பாவுக்குத் திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் எழுதிய முறையின் சின்ன வடிவம் இது. ஒரு நாளைக்கு மூன்று புதிய அட்டைக்கு மேல் வேண்டாம்.

மாலைநேரம்

நன்றி. நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு நோட்டைப் புரட்டினேன். 602 − 347க்கு 345 போட்டிருக்கிறான். 803 − 456க்கு 447. இரண்டும் ஒரே தப்பா?

கூட்டல்கழித்தல்

இல்லை. முதலாவதில் கடனே வாங்கவில்லை. இரண்டாவதில் வாங்கியிருக்கிறான், 8ஐ 7 ஆக்கவில்லை. முறை அரைகுறையாக நினைவில் இருக்கிறது, வந்தபோது செய்கிறான், வராதபோது தலைகீழாகக் கழிக்கிறான். 0 இருக்கும் கணக்கை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். முதலில் 52 − 27 போன்ற இரண்டிலக்கம், பிறகு 534 − 278, அதன்பின் 503. ஒரு நாளைக்கு ஆறு கணக்கு போதும், அதில் இரண்டு கடன் தேவைப்படாததாக இருக்கட்டும். எல்லாமே கடன் கணக்காக இருந்தால் தேவையா இல்லையா என்று யோசிக்காமலே வாங்கப் பழகிவிடுவான்.

சரிபார்க்கவும் அவனே பழக வேண்டும். 345ஐ 347ஓடு கூட்டினால் 692 வருகிறது, 602 வரவில்லை. நீங்கள் 'தப்பு' என்று சொல்லும் வேலை மிச்சம்.

ழகரம்

தமிழுக்கு நான் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி: புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் வைத்துப் படிக்கிறானா, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் தப்பு அதிகமா? அப்படியானால் முதலில் கண் பரிசோதனை, மற்றதெல்லாம் பிறகு.

எழுத்துக்கூட்டி வாசிப்பவன் எங்கே நிற்கிறான் என்று கவனியுங்கள். பெரும்பாலும் கொம்பு வரும் இடத்தில். 'கொ', 'கோ' இரண்டிலும் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் இருக்கிறது. இடமிருந்து வலமாகப் போகும் பிள்ளை கொம்பைப் பார்த்து, 'க'வைப் பார்த்து, பிறகு துணைக்காலைப் பார்த்து அதை 'ர' என்று எடுத்து 'கெர' என்பான். கெ–கே–கொ–கோ, பெ–பே–பொ–போ என்று நான்கு நான்காகத் தாளில் எழுதி, நீங்கள் சொல்வதை அவன் தொட்டுக் காட்டட்டும். தினமும் 2 நிமிடம்.

வேகம் வர இணைந்து வாசிக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் ஒரே குரலில் வாசியுங்கள், அவன் வேகத்தில். தனியாக வாசிக்கலாம் என்று தோன்றினால் மேசையை ஒரு தட்டுத் தட்டட்டும், நீங்கள் நிறுத்திவிடுங்கள். திக்கினால் 4, 5 விநாடி பொறுத்து அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். அவன் திருப்பிச் சொன்னதும் மறுபடி இருவரும் சேர்ந்து. எழுத்தைப் பிரித்து விளக்க அப்போது நிற்காதீர்கள், கதை அறுந்துவிடும். 10 நிமிடம், வாரம் ஐந்து நாள். புத்தகத்தை அவன் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் திணறினால் அது இப்போதைக்கு வேண்டாம்.

'வன்டி', 'பன்து' இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். ஒரே சொல்லுக்குள் ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன். வண்டி, பந்து, கன்று. மனப்பாடம் செய்ய வேண்டாம், வாயிலேயே இருக்கிறது. 'ட' சொல்ல நாக்கு மடங்குகிறது, அதே மடிப்பில் வருவது ண். 'த' சொல்ல நாக்கு பல்லைத் தொடுகிறது, ந்-உம் அங்கேதான். 'வண்டி' என்பதை மெதுவாகச் சொல்லி, 'ண்'இல் நிறுத்தி, நாக்கு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

ல, ள, ழ இப்படி விதியில் அடங்காது. வால்–வாள்–வாழ், தலை–தளை–தழை என்று பொருளோடு சேர்த்துத்தான் பழக வேண்டும். வீட்டில் 'மழை'யை 'மளை' என்று சொல்பவர் சொல்வதெழுதல் போட்டால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

தப்பிய சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வது வீண். இரண்டாவது முறையிலிருந்து மேல் வரியைப் பார்த்துத்தான் எழுதுகிறான். பார், மூடு, எழுது, திறந்து ஒப்பிடு. மூன்று முறை, அவ்வளவே.

மாலைநேரம்

இவ்வளவையும் 40 நிமிடத்தில் எப்படி அடக்குவது? இன்னொன்று, தெரியாத கேள்வி வந்தால் கண் கலங்கிவிடுகிறான்.

பழையசிலேட்டு

எல்லாம் தினமும் வேண்டாம். முதல் 5 நிமிடம் நேற்றைய கேள்விகள். பிறகு 12 நிமிடம் கணக்கு. 3 நிமிடம் எழுந்து ஓடட்டும். 10 நிமிடம் மூடிவைத்து எழுதும் பாடம், கடைசி 10 நிமிடம் வாசிப்பு. சொல்வதெழுதல் வாரம் இரண்டு நாள் போதும், அன்றைக்குப் பாடத்தை விட்டுவிடுங்கள். செல்பேசி வேறு அறையில், உங்களுடையதும்தான். தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை.

கூட்டல்கழித்தல்

ஒரு சின்னத் திருத்தம்: வாய்ப்பாட்டு அட்டையை அந்த 40க்குள் கொண்டுவராதீர்கள். காலையில் செருப்பு மாட்டும் நேரத்தில் நான்கு அட்டை, படுக்கும் முன் நான்கு.

பழையசிலேட்டு

அதுவும் சரி.

கண் கலங்குவதற்கு: மூன்று கேள்வியில் முதலாவது அவனுக்கு நிச்சயம் தெரிந்ததாக இருக்கட்டும், கடினமானது நடுவில். தெரியவில்லை என்றால் விடையைச் சொல்லாமல் படிப்படியாக இறங்குங்கள். முதலில் 'அந்தப் பக்கத்தில் என்ன படம் இருந்தது?' பிறகு இரண்டு விடை கொடுத்து எது என்று கேளுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் புத்தகத்தைத் திறந்து அவனே தேடிப் படிக்கட்டும், அதே கேள்வியை அன்றைக்கே கடைசியில் இன்னொருமுறை கேளுங்கள். தாளில் பெருக்கல் குறி போடாதீர்கள். ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைத்தது நாளைக்கு மறுபடி வரும் என்று அவனுக்குத் தெரிந்தால் போதும்.