சாய மாஸ்டரின் கைப்பக்குவத்தை எழுதி வாங்குவதா, வேண்டாமா?

நொய்யல்காரன்:
ஐரோப்பாவுக்குத் துணி அனுப்பும் திருப்பூர்க்காரர்களைக் கேட்கிறேன். எங்கள் மாஸ்டர் வேறு பட்டறைக்கு மாறினார். அடுத்து வந்த ரிபீட் ஆர்டரில், பையர் ஏற்கெனவே ஓகே சொன்ன அதே நேவி புளூ ஷேடு பிடிக்கவே இல்லை. ரெசிபி தாள் கையில்தான் இருந்தது: சாயம் எத்தனை சதவீதம், உப்பு லிட்டருக்கு எத்தனை கிராம், 60 டிகிரி சூடு. சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் சோடா ஆஷை எத்தனை தவணையாக விட்டார், சாயக் கழிவுநீரிலிருந்து மீட்டெடுத்த உப்புத் தண்ணீரின் கடினத்தன்மைக்கு எதைக் கூட்டிக் குறைத்தார் என்பது மட்டும் இல்லை. அதையும் எழுதி வாங்கியே ஆக வேண்டும்.

மங்கலம் ரோடு:
அண்ணா, எழுதினால் போனில் ஒரு போட்டோ போதும், பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். நம் நாட்டில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. பேட்டன்ட் எடுத்தால் 20 வருடம் உரிமை, ஆனால் முறையை ஊருக்கே விளக்கியாக வேண்டும். குறைந்த உப்பில் கருப்பு ஏற்ற நாங்கள் எத்தனை லாட் (ஒரே தடவையில் சாயமேற்றும் அளவு) துணியை வீணாக்கினோம்! மாஸ்டரை நன்றாக வைத்துக்கொண்டால் அவர் ஏன் போகிறார்?

பல்லடத்தான்:
இந்த ஊர் வளர்ந்ததே ஜாப் வொர்க்கில். நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், துணி பிறகு சுருங்காமலிருக்க அழுத்தும் காம்பாக்டிங் ஒருவர். துணியோடு தொழிலறிவும் கை மாறும், பூட்டி வைக்க முடியாது. சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்ததால் 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடியபோது என்ன செய்தோம்? கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ., மிச்சத்தை ஆவியாக்கும் எவாபரேட்டர், மிஞ்சும் உப்புக் கரைசலை மறுபடி சாயத்துக்கே விடுவது, எல்லாம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகியதுதான்.

மங்கலம் ரோடு:
அது எல்லோருக்கும் வந்த கஷ்டங்க, சேர்ந்துதான் தீர்க்க முடியும். ஆர்டர் அப்படியா? விலையில் பங்களாதேஷோடு மோதிப் பயனில்லை. எங்கள் கருப்புக்காகத்தான் பையர் திரும்பி வருகிறார்.

சாயக்கை:
நான் மாஸ்டர் வேலைதான் பார்க்கிறேன். எல்லோரும் முதலாளி பக்கமிருந்தே பேசுகிறீர்கள். எழுதிக் கொடுத்த மறுநாள் பாதிச் சம்பளத்துக்கு ஒரு பையனைப் போட்டால் நான் எங்கே போவேன்?

நொய்யல்காரன்:
நியாயமான கேள்விங்கண்ணா. அதனால்தான் முதல் தடவையே ஷேடு பிடிக்கும் ஒவ்வொரு லாட்டுக்கும் மாஸ்டருக்குப் பங்கு கொடுக்கலாம் என்றிருக்கிறேன், அவர் பழக்கிய பையன் ஓட்டினாலும். மங்கலம் ரோடு தம்பி, எண்களை நீங்களே பூட்டி வையுங்கள். ஷேடு தப்பிய லாட் ஏன் தப்பியது என்பதையாவது எழுதுங்கள். உப்புத் தண்ணீர் மாறும்போதெல்லாம் அது வேண்டியிருக்கும்.

மங்கலம் ரோடு:
காரணம் எழுதலாம்ங்கண்ணா. கருப்பின் கணக்கு மட்டும் எங்கள் லேபைத் தாண்டாது.