அப்பாரு வீட்டுப் பரணில் ஒரு தோட்டாப் பெட்டி

(எங்கள் குடும்பக் குழுவில் போன வாரம் ஓடிய பேச்சு. பெயர்கள் என் போனில் சேமித்திருக்கிறபடியே.)

சனி, காலை

கார்த்தி: பரணைச் சுத்தம் செய்கிறோம். சுண்ணாம்பு டப்பாவுக்குப் பின்னால் இது கிடைத்தது. [படம்]

கார்த்தி: ‘எலி கைனாக்’ என்று போட்டிருக்கிறது.

சரசு அத்தை: எலி மருந்தா? குழந்தைகள் கைக்கு எட்டாமல் வை சாமி.

ராசு மாமா: 😂 அது ஈலி. இங்கிலாந்துத் தோட்டா. உங்கள் அப்பாருவின் இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு வாங்கியது, 12 போர் (குழலின் அளவு). பெட்டியில் வேறு என்ன எழுதியிருக்கிறது?

கார்த்தி: ஐசிஐ. 25 பிடிக்கும் பெட்டி, 19தான் இருக்கிறது.

ராசு மாமா: அது ஈலி தோட்டா செய்த இங்கிலாந்துக் கம்பெனி. ஐசிஐ ஆரம்பித்ததே 1926-இல். அதற்கு முந்தியது இல்லை. உடம்பு அட்டையா, பிளாஸ்டிக்கா?

கார்த்தி: அட்டை. அடியில் பித்தளை, பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கிறது. வாயில் வட்டமாக ஒரு அட்டை, அதில் 4 என்று அச்சு. இரண்டு மூன்று உப்பிப் போயிருக்கின்றன.

ராசு மாமா: ஈரம் குடித்த அட்டை அப்படித்தான் உப்பும். குழலுக்குள் நுழையவே நுழையாது. 4 என்பது ரவை நம்பர், அதாவது உள்ளே இருக்கிற சின்னக் குண்டுகளின் அளவு, முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் போடுவது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்த வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது, 1991 திருத்தத்தோடு அடியோடு முடிந்தது. பிளாஸ்டிக் தோட்டா பரவியது 1960களில் இருந்துதான், அதனால் இது பழசுதான்.

கார்த்தி: அப்படியென்றால் நல்ல விலை போகுமா மாமா? வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் வாங்குகிறார்களாமே. துடைத்துப் படம் எடுக்கட்டுமா?

ராசு மாமா: துடைக்காதே! களிம்பைச் சுரண்டவும் வேண்டாம், எண்ணெய் போடவும் வேண்டாம். அடியில் நடுவே இருக்கிற கேப்பில், அதாவது மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடியில், அடி பட்டால் வெடிக்கும். பழசு என்பதால் செத்துவிட்டது என்று நினைக்காதே.

ராசு மாமா: விலை கேட்டாயே. அங்கே காசு பெட்டிக்குத்தான். மூடி கிழியாமல், லேபிள் மங்காமல், 25-உம் உள்ளே இருந்தால் மதிப்பு. உதிரித் தோட்டாவுக்குப் பெரிதாக ஒன்றும் வராது. நம் ஊரில் விற்கிறவனுக்கும் லைசென்ஸ் வேண்டும், வாங்குகிறவனுக்கும் வேண்டும். அப்பாரு லைசென்ஸ் அவரோடு போயிற்று. இப்போது அது நம் வீட்டில் இருப்பதே தப்பு மாப்பிள்ளை.

திருப்பூர் சித்தப்பா: துப்பாக்கியை அப்போதே கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கினேனே. தோட்டா எப்படி மிச்சம்?

சரசு அத்தை: மழைக்காலத்தில் அப்பா பெட்டியை அடுப்புக்கு மேலே வைப்பார். நமத்துப் போகக் கூடாதாம். அப்புறம் எங்கே போனது என்று யாரும் தேடவில்லை.

ராசு மாமா: அடுப்புக்கு மேலேயா! வெக்கைதான் வெடிமருந்தைக் கெடுப்பது. நிழலாக, ஈரமில்லாமல், ஒரே சூட்டில் இருக்கும் இடம்தான் சரி. இத்தனை வருஷம் வீடு நின்றதே பெரிது.

நான்: கிணற்றில் போட்டுவிட்டால்?

ராசு மாமா: வேண்டவே வேண்டாம். தண்ணீரிலும் கூடாது, குப்பையோடு கொளுத்தவும் கூடாது, புதைக்கவும் கூடாது. ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவு, போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ தாமதமில்லாமல் ஒப்படைக்கச் சொல்கிறது. முதலில் ஸ்டேஷனுக்குப் போன் போடுவோம், அவர்கள் சொல்கிறபடி செய்வோம். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடாதே.

கார்த்தி: சரிங்க மாமா. பழைய லைசென்ஸ் புத்தகமும் கூடவே இருக்கிறது.

ராசு மாமா: நல்லது. அதையும் எடுத்து வை. படத்தை வேறு குழுவில் போடாதே.

சரசு அத்தை: ஒன்று சொன்னால் திட்டக் கூடாது.

ராசு மாமா: சொல்லு.

சரசு அத்தை: ஒரு தோட்டா என் தையல் பெட்டியில் இருக்கிறது. அப்பா ஞாபகமாக எடுத்து வைத்தேன்.

ராசு மாமா: 🤦 நான் தினமும் பட்டன் தேடுகிற பெட்டியிலா?

திங்கள், மாலை

கார்த்தி: ஸ்டேஷனில் இருந்து வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். எண்ணி 20 என்று எழுதி ரசீது கொடுத்தார்கள். காலி அட்டைப் பெட்டியைக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.

சரசு அத்தை: அதை எனக்கு அனுப்பு கண்ணு. பட்டன் போட்டு வைத்துக்கொள்கிறேன்.